சாசர் இல்லாத கப்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், எங்கள் கோச்சடைத் தெருமுனையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் மஞ்சப்பையோடு நிற்கிறார்.

"அண்ணே, போன் சைனா கேட்டீகளாம்ல?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே அழைத்து சோபாவில் உட்கார வைத்தேன். பீங்கான் ஆயிற்றே, பட்டால் விளிம்பு தெறித்துவிடுமே என்று டீப்பாயின் மேல் துண்டை வேறு மடித்து விரித்தேன். அவர் பையைக் கவிழ்த்தார்.

ஆறு மொபைல் போன்கள்.

"எல்லாம் ஒரிஜினல் சைனாண்ணே. இந்தா, இதுல ரெண்டு சிம்மு போடலாம், டார்ச்சு இருக்கு. பாட்டு வச்சா விளாங்குடி வரைக்கும் கேக்கும்!"

தப்பு என்னுடையதுதான். முதல்நாள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட மெசேஜ் இது: 'பழைய போன் சைனா, உடைசல் இல்லாமல் யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கவும்.' எலும்புக்கான இங்கிலீஷ் வார்த்தைக்கும் டெலிபோனுக்கும் தமிழில் ஒரே 'போன்'தானே! எலும்புச் சாம்பல் கலந்து செய்த பீங்கானைத்தான் கேட்கிறேன் என்று யாருக்குத் தெரியும்?

சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் சார்ஜர் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டார். என் மனைவி சரசு அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

"ஒரு போட்டோ போட்டாத்தான் என்னங்க? அம்புட்டுப் பேரும் பாவம், பேட்டரியக் கழட்டிக் கழட்டிக் காட்டுறாக."

போட்டேன். எங்கள் ஹால் ஷோகேஸின் நடுத்தட்டு. ஐந்து சாசர்களின் மேல் ஐந்து கப்கள். ஆறாவது சாசர் மட்டும் காலியாக. கீழே என் நம்பரோடு எழுதினேன்: 'இதே டிசைனில் ஒரே ஒரு கப் தேவை. சாசர் வேண்டாம்.'

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பீங்கான் பைத்தியம் தெரியும். காரைக்குடியில் வாங்கிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்காரரைத் தும்மக்கூட விடாமல் வந்த ஆள் நான். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜப்பானில் இமாரி என்று ஒரு துறைமுகம். அங்கிருந்து ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகப் பீங்கான் சாமான்கள் ஐரோப்பாவுக்குப் போயின. கருநீலம், செங்கல் சிவப்பு, தங்கம்... இந்த மூன்று நிறம்தான். பூவும் கொடியுமாக இண்டு இடுக்கு விடாமல் நிரப்பியிருப்பார்கள். இங்கிலாந்துக்காரர்கள் பார்த்தார்கள், மயங்கினார்கள், பிறகு தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். ஜப்பான் தோட்டத்தை ஜன்மத்தில் பார்த்திராத ஓர் இங்கிலீஷ் ஓவியர் வரைந்த சாமந்தி எப்படி இருக்கும்? எனக்கென்னவோ அது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் சாமந்தி மாதிரியேதான் தெரிகிறது. ஜப்பான் பூ, இங்கிலாந்துக் களிமண், மாட்டு எலும்பின் சாம்பல்... பெயர் மட்டும் சைனா!

என் ஷோகேஸில் இருப்பதும் அந்த ரகம்தான். வெளிச்சத்துக்கு நேரே ஒரு கப்பைப் பிடித்தால், பின்னால் இருக்கும் விரல்கள் நிழலாகத் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே சில மத்தியானங்களில் ஷோகேஸைத் திறந்துகொண்டு நிற்பேன்.

சரி, அந்த ஆறாவது கப் என்ன ஆனது?

'உடைந்துவிட்டது' என்று இதே பத்தியில் முன்பொரு முறை எழுதியிருக்கிறேன். பொய். சரசுவிடமும் அதையேதான் சொல்லி வைத்திருந்தேன். இந்த வாரம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஒரு மில்லில் கிளார்க். அங்கே மேனேஜராக இருந்த இங்கிலீஷ்காரர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஆபீஸில் இருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அப்பாவுக்கு வந்தது இந்த டீ செட். ஆறு கப், ஆறு சாசர். ரிக்‌ஷாவில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் வந்து இறங்கினார். அம்மா ஒவ்வொரு கப்பாக எடுத்துத் தடவிப் பார்த்தாள். ஒரு நாள், முழுசாக ஒரு நாள், அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மறுநாள் ஆபீஸில் யாரோ அப்பாவிடம் 'போன் சைனா'வுக்கு அர்த்தம் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குப் பொய் வராது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னார்.

"எலும்பா?"

எங்கள் வீடு சுத்த சைவம். வெங்காயத்துக்கே நாள் கிழமை பார்ப்பாள் அம்மா. கொல்லையில் கட்டியிருந்த மாட்டுக்கு வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறவள். சத்தம் போடவில்லை. முதலில் போய்க் கையைக் கழுவினாள். மறுநாள் ஐந்து கப்பும் ஆறு சாசரும் பழைய வேட்டியில் சுற்றப்பட்டு டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன.

ஒரு கப் மட்டும் கொல்லைப்புறத்துக்குப் போனது. பாண்டியம்மாவுக்கு.

பாண்டியம்மா எங்கள் மாட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர். சாணி அள்ளி, தொழுவத்தைக் கழுவி, புல் போட்டு, குளிப்பாட்டி... காலையும் மாலையும் வருவார். கொல்லைக் கதவு வழியாகத்தான் வருவார், அந்த வழியாகவே போய்விடுவார். வீட்டுக்குள் வந்ததில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நாம் எல்லோரும் பேசிக்கொள்கிறோம், அவ்வளவுதான். இப்போது 'வந்தவர்' என்று எழுதுகிறேனே, அப்போது 'வந்தவள்'தான். அதுவரை அவருக்குக் காபி கொட்டாங்குச்சியில். அதற்குப் பிறகு அந்தக் கப்பில். அப்பா சாசரையும் எடுத்துக் கொடுக்கப் போனபோது அம்மா தடுத்தது நினைவிருக்கிறது.

"அவளுக்கு எதுக்குங்க சாசரு?"

வேடிக்கையைப் பாருங்கள். நாங்கள் எல்லோரும் ஈயம் பூசிய பித்தளை டம்ளரில் காபி குடித்தோம். அந்த வீட்டில் ராஜா வீட்டுக் கப்பில் குடித்த ஒரே ஆள், உள்ளே வரக்கூடாத பாண்டியம்மாதான்.

எனக்கு எட்டு வயது. தொழுவத்தின் ஓரம் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கப்பை இரண்டு கையாலும் பிடித்து, குடிப்பதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றிப் பூவைப் பார்ப்பார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்ப்பேன்.

"உள்ளயும் ஒரு பூ இருக்கு சாமி. குடிச்சு முடிச்சாத்தான் கண்ணுக்குத் தெரியும்" என்பார்.

காபிக்கு அடியில் ஒரு பூ! அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வருமா? எனக்கும் அந்தக் கப்பில் காபி வேண்டும் என்று தினமும் அழுதேன். "அது பாண்டியம்மா கப்பு. தொட்டே, தோலை உரிச்சிருவேன்" என்பதுதான் அம்மாவின் பதில். உலகத்திலேயே அழகான பொருள் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர் மாடத்தில் இருந்தது. நான் அதைத் தொடக்கூடாது.

முழுப் பரீட்சை லீவு. ஒரு மத்தியானம் அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாண்டியம்மா புல்லுக்குப் போயிருந்தார். அடுப்படியில் மீந்திருந்த காபியை எடுத்து வந்தேன். மாடத்திலிருந்து கப்பை எடுத்தேன். ஊற்றினேன். அவர் உட்காரும் அதே இடத்தில், அவர் மாதிரியே குத்துக்காலிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குடிக்க ஆரம்பித்தேன். ஆறிப்போன காபி. அவ்வளவு ருசியான காபியை அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை.

பாதிதான் குடித்திருப்பேன். அம்மா நிற்கிறாள்.

"யாருடா குடுத்தா?"

ஏண்டா எடுத்தாய் என்று கேட்கவில்லை பாருங்கள். யார் கொடுத்தது என்று கேட்டாள். கேள்விக்குள்ளேயே பதில் தயாராக இருந்தது. எடுத்து நீட்டினால் போதும், நான் தப்பித்துவிடலாம்.

"பாண்டியம்மா" என்றேன்.

ஒரே வார்த்தைதான். என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினாள் அம்மா. சாயங்காலம் புல்லுக்கட்டோடு வந்தவரிடம் இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாண்டியம்மா என்னைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். 'நான் குடுக்கலம்மா' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புல்லுக்கட்டை அவிழ்த்து மாட்டுக்கு முன்னால் உதறிப் போட்டார்.

"அந்தக் கப்பையும் எடுத்துட்டுப் போயிரு" என்றாள் அம்மா.

கழுவித் துடைத்து, மடியில் கட்டிக்கொண்டு போனார். ஐம்பத்து நாலு வருடம் ஆகிறது.

அம்மா காலமான பிறகு டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. ஐந்து கப், ஆறு சாசர். அதில் ஆரம்பித்ததுதான் இந்தச் சேகரிப்பு. கொடைக்கானல் பங்களாக்கள், காரைக்குடிக் கடைகள், சென்னையில் ஏலம் என்று நீலம் சிவப்பு தங்கம் எங்கே தென்பட்டாலும் போய் நிற்பேன். கலை ரசனை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். கலையாவது, ரசனையாவது! பாதியில் பிடுங்கப்பட்ட ஒரு கப் காபி சார், வேறொன்றுமில்லை. இத்தனை வருடத்தில் அந்த ஐந்து கப்பில் எதிலும் ஒரு வாய்கூட நான் குடித்ததில்லை. குடிக்கத் தோன்றவில்லை. அது வேறு கப், இது வேறு கப்.

திங்கட்கிழமை போன் வந்தது. பெண் குரல். டி. கல்லுப்பட்டியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். பெயர் செல்வராணி, ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். என் போட்டோ குரூப் குரூப்பாக ஃபார்வர்ட் ஆகி அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"சார், உங்க சாசரோட கப்பு எங்க வீட்டுல இருக்கு."

"அப்படியா! உங்களுக்கு எப்படி வந்தது?"

"எங்கம்மா கொண்டாந்தது. அம்மா பேரு பாண்டியம்மா."

போனும் கையுமாக எழுந்து ஷோகேஸ் முன்னால் போய் நின்றேன். அவரே கேட்டார்.

"நீங்க மதுரைல எந்தத் தெருவுல சார் இருந்தீங்க?"

மாசி வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் பழைய சந்தின் பெயரைச் சொன்னேன்.

"அப்ப வாங்க" என்றார்.

புதன்கிழமை பஸ் ஏறினேன். டிசைன் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காகக் காலி சாசரைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தானே போனீர்கள் என்று கேட்பீர்கள். அதுவும்தான். ஆனால் திருமங்கலம் தாண்டுவதற்குள் மனசுக்குள் அந்தக் கப்பைச் சாசர் மேல் நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன். மன்னிப்பா, கப்பா என்று யாராவது கேட்டிருந்தால்... கப் என்றுதான் சொல்லியிருப்பேன். இவ்வளவு சொன்னபிறகு உங்களிடம் இதை மட்டும் மறைப்பானேன்?

இன்னொரு கவலையும் இருந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது? எட்டு வயதில், என்னைவிட இருபது வயது மூத்தவரைப் பெயர் சொல்லி 'வா, போ' என்றுதான் பேசியிருக்கிறேன். பஸ் முழுக்க ஒத்திகை பார்த்தும் ஒன்றும் அமையவில்லை.

புது வீடு. டைல்ஸ் தரை. ஹாலில் ஷோகேஸ். ஸ்கூல் ஷீல்டுகளுக்கும் குடும்பப் போட்டோவுக்கும் நடுவில், மடித்த கைக்குட்டையின் மேல், தன்னந்தனியாக அந்தக் கப். நுழைந்ததும் என் கண் அங்கேதான் போனது. அப்புறம்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. கண் மட்டும் அதே கண்.

"பாண்டியம்மா..." என்று பழக்கத்தில் வந்துவிட்டது. சுதாரித்துக்கொண்டு மிச்சத்தைச் சேர்த்தேன். "...க்கா. நல்லாருக்கீகளா?"

கெக்கெக்கே என்று சிரித்தார். "அக்காவா! ஏஞ்சாமி, வா, வந்து உக்காரு. எம்புட்டுப் பெரிய ஆளாயிட்ட! முடியெல்லாம் எங்க போச்சு?"

"சாமி என்னம்மா சாமி?" என்று அடுப்படியிலிருந்து செல்வராணியின் குரல் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அக்கா, அன்னைக்கு நீங்க குடுக்கல. நானேதான் எடுத்துக் குடிச்சேன். அம்மாகிட்ட உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"ஆமா. எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். "அடிக்குப் பயந்து பச்சப்பிள்ள ஏதோ சொல்லிருச்சு. அம்புட்டுத்தானே?"

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் பொறுத்து, "ஒன்னுதான் சாமி" என்றார். "அந்த மாடு. என்னயத் தேடியிருக்கும்ல? அதுகிட்ட நான் சொல்லாம வந்துட்டேன். ரொம்ப நாளு அதே நெனப்பா இருந்துச்சு."

"தேடுச்சுக்கா. ரெண்டு நாளு பால் கறக்க விடல. கொல்லைக் கதவையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிறகு அவர் ஷோகேஸ் பக்கம் திரும்பி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏத்தா செல்வராணி, தம்பிக்கு அந்தக் கப்புல காபி குடு. சின்னதுல அதுக்கு அந்தக் கப்பு மேல அம்புட்டு ஆச."

ஐம்பத்து நாலு வருடம்! நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

செல்வராணி தட்டோடு வந்தார். தட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள். மூன்றும் ஒரே அளவு.

"இந்த வீட்டுல யாருக்கும் தனிக் கப்பு கிடையாதும்மா" என்றார் தன் அம்மாவிடம். பிறகு என் பக்கம் குனிந்தார். "எல்லாருக்கும் ஒரே டம்ளருதான் சார். எடுத்துக்கங்க."

குரலில் கோபமே இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிற மாதிரித் தெளிவாகச் சொன்னார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது நியாயம். நூற்றுக்கு நூறு நியாயம். ஆனாலும் என் கண் கப்பைவிட்டு வரமாட்டேன் என்கிறதே, அதை என்ன செய்ய?

அவர் கவனித்திருக்க வேண்டும். ஷோகேஸைத் திறந்து கப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பாருங்க சார். தர முடியாது. பாக்கலாம்."

பிறகு சொன்னார். "சின்ன வயசுல ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு நான் அழுதா, அம்மா திட்டாது, அடிக்காது. இந்தக் கப்ப எடுத்து முன்னால வைக்கும். இவ்வளவு அழகான கப்ப எதுக்கு நம்மகிட்டக் குடுத்தாகன்னு, படிச்சாத்தான் ஒனக்குப் புரியும்னு சொல்லும். புரிஞ்சுச்சு சார்."

நான் கப்பைத் திருப்பினேன். அடியில், மற்ற ஐந்திலும் இருக்கிற அதே சிவப்பு முத்திரை. விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் தங்கம் தேய்ந்திருந்தது, பாண்டியம்மாக்கா வாய் வைத்துக் குடித்த இடம். ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். என் விரல்கள் நிழலாகத் தெரிந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். பூ இருந்தது.

திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மை. பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்து, சாசரை டீப்பாயில் வைத்தேன்.

"இது என்ன சார்?"

"உங்க கப்போட சாசர்மா. அன்னைக்கே குடுத்திருக்கணும்."

பாண்டியம்மாக்கா மகள் கையிலிருந்து கப்பை வாங்கிச் சாசரின் மேல் வைத்தார். 'டிங்' என்று ஒரு சத்தம். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், அந்தக் காலத்தில் பார்த்த மாதிரியே.

"சோடி சேந்துருச்சு" என்றார்.

டம்ளர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். "மறுக்கா வா சாமி" என்றார் அவர். "வாங்கன்னு சொல்லும்மா" என்றார் மகள். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்தால், சரசு ஷோகேஸைத் துடைத்து, ஆறாவது கப்புக்கு இடம் பண்ணி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பை காலியாக இருப்பதைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமான முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக. அப்புறம் எழுந்து போய், தட்டில் இருந்த இடைவெளி தெரியாமல் கப் சாசர்களை நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

"செட்டு சரியாயிருச்சுங்க. அஞ்சு கப்பு, அஞ்சு சாசரு."

மறுநாள் காலை அதில் ஒன்றை எடுத்து, கேட்காமலே எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். அடியில் இருந்த பூ தெரிகிற வரைக்கும் குடித்தேன். நல்ல சூடு, நல்ல டிகாஷன், ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்தப் பாதிக் காபி மட்டும் பாதியிலேயே இருக்கிறது.